வெனக சூடு

முப்பத்தொரு வயதில் தன்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லைதான். ஆனால் திருப்பதியில் நான் வேலை பார்த்த சொகுசுக் கார் ஷோரூமில் இப்போது இருப்பவர்கள் என் நம்பரை 'ரிட்டையர்ட் ரூத் அக்கா' என்றுதான் போனில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்த வேலையில் இரண்டு வருஷம் தாண்டி நிற்பவர்கள் குறைவு. நான் ஏழு வருஷம் நின்றேன். பிறகு, வண்டி விற்பதைவிட வண்டிக்குக் கரன்ட் விற்பது வேகமாக வளரும் என்று தோன்றியது. வடமாலபேட்டை தாண்டி, சென்னை ரோட்டு ஓரத்தில் ஒரு சார்ஜிங் ஸ்டேஷனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் பழைய ஷோரூமில் புதிதாகச் சேர்ந்த ஹரிதா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, செடான் டெமோ வண்டிய எத்துக்கினு பூட்டாங்க. இனிமே எஸ்யூவி மட்டும்தானாம். செடான் கேக்கறவங்களுக்கு ஸ்கிரீன்ல படம் காட்டணுமாம்."

"காட்டுங்க. படத்துல யாருக்கும் தல இடிக்காது."

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. வேற?"

"டெமோவுக்கு முன்னாடி பண்ண வேண்டியதுல 'வெனக சூடு'ன்னு ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. அது இன்னா, பின் சீட்டு ஏசிய செக் பண்றதா? வெனகன்னா பின்னாடி. சூடுன்னா சூடு. கரெக்டா?"

எனக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் கோபித்துக்கொண்டு, "சிரிச்சிக்கினே இருந்தா எப்படி? எழுதி அனுப்பு, குரூப்ல போடறேன்" என்றாள். அதனால்தான் இது.

முதலில் அந்த வார்த்தை. தெலுங்கில் 'வெனக' என்றால் பின்னால், 'சூடு' என்றால் பார். பின்னால் பார் என்று அர்த்தம். தமிழில் சூடு என்றால் சூடுதான். எங்கள் பக்கத்தில் இரண்டு மொழியும் ஒரே வாயில் குடியிருக்கின்றன. எந்தச் சூடு எப்போது வருகிறது என்பதைக் கேட்கிறவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நாங்கள் தப்பாகப் பிரித்தோம்.

நான் சித்தூர்க்காரி. பள்ளியில் தெலுங்கும் இங்கிலீஷும் படித்தேன். தமிழ் எழுத்து சர்ச்சில் ஞாயிறு பள்ளியில் வந்தது. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஷோரூமில் சேர்ந்தபோது எஞ்சின் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. சிரிக்கத் தெரியுமா, ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவாயா என்று கேட்டார்கள். ஹீல்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டுவேன் என்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே சேல்ஸ் மேனேஜர் பிரபாகர் சார். திருப்பதித் தெலுங்குக்காரர். கோடையிலும் முழுக்கைச் சட்டை. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் 'ரூத்து'. ஒரு முறை டெமோ வண்டியின் தரைவிரிப்பில் சாக்லேட் காகிதம் கிடந்தது. "ரூத்து காரு, தாங்கள் கொஞ்சம் இப்படி வருகிறீர்களா?" என்றார். 'காரு' தெலுங்கில் மரியாதைச் சொல். அன்றைக்கு எல்லா டெமோ வண்டியின் தரைவிரிப்பையும் நானே உதறிப் போட்டேன்.

டெமோவுக்கு முன்னால் அவர் செய்வது எப்போதும் ஒன்றுதான். வண்டியை ஷோரூமுக்குள் காட்ட மாட்டார். வழுக்குத் தரையில் எல்லா வண்டியும் ராஜாதான் என்பார். வெளியே வெயிலில், சாதாரண மண் தரையில் நிறுத்தச் சொல்வார். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி, வாங்க வருகிறவர் எந்த இடத்தில் உட்காரப்போகிறாரோ அந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இறங்கி வந்து ஏதாவது ஒன்றைச் சரிசெய்யச் சொல்வார். முன் சீட்டைத் தள்ளு, வாசனைக் குப்பியை எடு, இப்படி. வருகிறவர்களிடம் "எந்த வண்டி பார்க்கிறீங்க" என்று கேட்கக் கூடாது. "யாரெல்லாம் ஏறுவாங்க" என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. வாடிக்கையாளர் கை கதவில் படக் கூடாது. நாம் திறக்க வேண்டும், நாம் மூட வேண்டும், வயதானவர் என்றால் முழங்கையைத் தாங்க வேண்டும்.

செடானா எஸ்யூவியா என்ற கேள்விக்கு ஷோரூமில் மனப்பாடமாக ஒரு பதில் உண்டு. செடான் தாழ்வாக இருப்பதால் வளைவில் ஆடாது. டிக்கி தனியாக இருப்பதால் பின்னாலிருந்து சத்தம் வராது. எஸ்யூவி உயரம். மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றாலும் போகும், ஊர் ஸ்பீட் பிரேக்கரில் வயிறு தேயாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் காரணங்களுக்காக வண்டி வாங்கியவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

சித்தூரிலிருந்து வந்த கிரானைட் காண்ட்ராக்டர் ஒருவர் செடானில் உட்கார்ந்த உடனே இறங்கிவிட்டார். "எதிர்ல வர்ற லாரிக்காரன் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேரா இருக்கணும்மா. இதுல ஒக்காந்தா அவன் டயரைத்தான் பாத்துக்கினு போவணும்" என்றார். எஸ்யூவி. பேச்சு முடிந்தது.

இன்னொருவர் டாக்டர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடைப்பதுதான் தன் தூக்கம் என்று சொல்லிக்கொண்டே செடானின் பின் சீட்டில் சாய்ந்தார். நான் ஓட்டினேன், பிரபாகர் சார் அவர் பக்கத்தில். சந்திரகிரி வருவதற்குள் தூங்கிவிட்டார். கண்ணாடியில் சாரைப் பார்த்தேன். அவர் ஒரு விரலை மட்டும் சுழற்றிக் காட்டினார். ஓட்டிக்கொண்டே இரு என்று அர்த்தம். சந்திரகிரிக் கோட்டை இடப்பக்கம் ஒரு முறையும் வலப்பக்கம் ஒரு முறையும் வந்து போய், மறுபடி இடப்பக்கம் வந்த பிறகுதான் டாக்டர் கண் திறந்தார். "எவ்வளவு தூரம் வந்தோம்?" "கிட்டத்தான் சார்" என்றார் பிரபாகர் சார். அன்றைக்கே டாக்டர் செடானை புக் செய்தார்.

இந்த இரண்டு வகை ஆட்களோடு என் வேலை சுலபமாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முனிரத்தினமும் அவர் மனைவி கஸ்தூரியும் வந்தார்கள்.

நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பம். சித்தூரில் மாம்பழக் கூழ் யூனிட் வைத்திருக்கிறார்கள். யூனிட் முனிரத்தினத்தின் பெயரில். ஆனால் சீசனில் கேட்டுக்குப் பக்கத்தில், எடைமேடை ஓரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற லோடில் பழத்தை அறுத்துப் பார்த்து எது உள்ளே போகலாம், எது திரும்பலாம் என்று சொல்கிற வேலை கஸ்தூரியம்மாவுடையது. முந்தின வருஷம் அவருக்கு வேலூரில் முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்திருந்தது. நடக்கிறார், உட்காருகிறார். இடுப்பை வளைக்கவும் உடம்பைத் திருப்பவும் மட்டும் முடியாது. வீட்டில் இருந்த ஜீப்பில் அவரை ஏற்ற ஒரு பக்கம் கணவரும் ஒரு பக்கம் டிரைவர் கிட்டய்யாவும் தூக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு நாள் அப்படி யூனிட்டுக்குப் போனார். வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு போகவில்லை. அந்த நாற்காலியில் கொழுந்தன் உட்கார ஆரம்பித்திருந்தார். அடுத்த சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார், ஷோரூம் கூடத்தில் நின்றுகொண்டே. சோபா தாழ்வு என்பதால் உட்காரவில்லை.

"எனக்கு வண்டி இன்னா கலரோ, இன்னா வேகமோ, அதெல்லாம் அவர் பாத்துக்கட்டும். என்ன யாரும் தூக்காம நான் ஏறணும், நான் எறங்கணும். அவ்ளோதான். ஆவுமா ஆவாதா சொல்லு கண்ணு."

"ஆவும்மா" என்றேன். செடானை நினைத்துத்தான் சொன்னேன். தாழ்வான வண்டியில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது?

முனிரத்தினம் ஏற்கெனவே எஸ்யூவியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "எத்தா இருக்கணும் பாப்பா. நம்ம பங்காளி வண்டிய விட ஒரு விரக்கடையாவது எத்தா இருக்கணும்" என்றார். எத்து என்றால் எங்கள் பக்கம் உயரம்.

"அம்மா எப்படி சார் ஏறுவாங்க?"

"படி ஒண்ணு செய்ய மாட்டாங்களா?"

"ஏங்க," என்றார் கஸ்தூரியம்மா, "அந்தப் படிய யாரு தூக்கிக்கினு வருவா? உங்க பங்காளியா?"

முதலில் செடான். வெயிலில் நின்ற வண்டி. பிரபாகர் சார் ஷூவைக் கழற்றி, பின் சீட்டில் கண் மூடி உட்கார்ந்து, முன் சீட்டைத் தள்ளச் சொல்லி எல்லாம் முடித்துவிட்டார். சட்டப்படி நான் கதவைத் திறந்து முழங்கையைத் தாங்கப் போனேன்.

"கைய எடு" என்றார் கஸ்தூரியம்மா.

நான் சாரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். அவர் சட்டம் உடைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவுக்குப் போய்விட்டேன்.

முதுகை வளைக்க முடியாதவர் தலையைக் குனிந்து காருக்குள் நுழைய முடியாது. திரும்பி நின்று, முதுகு காட்டி, பின்பக்கமாகத்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கவும் முடியாது. அதனால் பின்னால் என்ன இருக்கிறது என்று வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் அப்படித்தான் கேட்டார். எதிரே நின்ற பிரபாகர் சாரிடம், அவர் தெலுங்குக்காரராயிற்றே என்று தெலுங்கில் கேட்டார். 'வெனக சூடண்டி' என்பதுதான் முழு மரியாதையோடு வர வேண்டியது. ஆனால் உடம்பை இறக்கிக்கொண்டிருக்கும்போது மூச்சு பிடித்தது. 'அண்டி' வரவில்லை.

"வெனக சூடு..."

அது வரைக்கும் தமிழே பேசிக்கொண்டிருந்தவர். சார் அவருக்காகவே காலையிலிருந்து சிரமப்பட்டுத் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழம்மா தெலுங்கில் சொன்னார், தெலுங்குக்காரர் தமிழில் கேட்டார். மரியாதைக்குச் செய்ததுதான் இரண்டும்.

"ரூத்து, ஏசி! சீட்டு சூடா இருக்கு!" என்றார் சார்.

நானும் சூடு என்றே கேட்டேன். வெயிலில் நின்ற தோல் சீட்டு, வேறு என்ன கேட்கும்? அந்தப் பக்கக் கதவு வழியாகப் பாய்ந்து ஏசியை முழுதாக வைத்து, சீட்டுக் குளிர்ச்சிப் பொத்தானையும் அழுத்தினேன். அதே நேரத்தில் மேலே 'ணங்' என்றது. கஸ்தூரியம்மாவின் பின்னந்தலை செடானின் கூரை விளிம்பில் இடித்துவிட்டது.

முனிரத்தினம் ஓடி வந்தார். கிட்டய்யா ஓடி வந்தான். இரண்டு பேரும் தூக்கக் கை நீட்டினார்கள்.

"தொடாத" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். பின்னந்தலையைத் தடவிக்கொண்டு சாரைப் பார்த்தார்.

"நான் வெனக பாக்கச் சொன்னா, நீங்க குளுகுளுன்னு காத்து வுடறீங்களே!"

சாருக்கு அப்போதுதான் விளங்கியது. "அம்மா... நேனு தமிழ்லோ வின்னானு" என்றார். நான் தமிழில் கேட்டுவிட்டேன் என்று தெலுங்கில் சொன்னார். கஸ்தூரியம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் முதுகு வலிக்கும் போலிருக்கிறது. வண்டியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "உங்க தமிழுக்கு என் தலதான் கெடச்சுதா" என்றார்.

தலைக்கு ஐஸ் வைத்துக்கொண்டு அவர் நின்றபோது ஒரு விஷயம் எனக்குத் தெளிவாயிற்று. செடான் தாழ்வு என்பது ஏறுவதற்கு நல்லதே இல்லை. கூரை தலையைத் தட்டுகிறது. சீட்டு முழங்காலுக்குக் கீழே இருப்பதால் ஒருவேளை உட்கார்ந்தாலும் குனியாமல் எழுந்திருக்க முடியாது. இவருக்குத் தேவை தாழ்வும் இல்லை, உயரமும் இல்லை. பின்னால் நகர்ந்து வரும்போது சீட்டு விளிம்பு அவர் இடுப்பைத் தொட வேண்டும். இவ்வளவு நாள் நான் ஒப்பிட்டதெல்லாம் வண்டிகளை. ஒரு ஆளின் இடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்ததே இல்லை.

எஸ்யூவிக்குப் போனோம். முனிரத்தினத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆனால் வண்டி அப்படியே நின்றால் சீட்டு கஸ்தூரியம்மாவின் இடுப்புக்கு மேலே. அதில் காற்று நிரப்பிய சஸ்பென்ஷன். டிக்கியில் சாமான் ஏற்றுவதற்காக வண்டியைக் கீழே இறக்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு வண்டி இறங்கியது.

"இன்னா பாப்பா இது, எத்தான வண்டி கேட்டா குள்ளமாக்கறே?" என்றார் முனிரத்தினம்.

"ஏறின பிறகு மறுபடி எத்தாவும் சார்."

கஸ்தூரியம்மா பின் சீட்டில் முயன்றார். சரிவரவில்லை. கதவடியில் அகலமான விளிம்பு. அவர் பின்னுக்கு வந்தாலும் சீட்டு எட்டவில்லை. முன் சீட்டு பரவாயில்லை என்று தோன்றியது. கதவு அகலம், சீட்டை மோட்டாரில் ஏற்றி இறக்கலாம். ஏற்றிப் பொருத்தினேன். இந்தத் தடவை சார் கதவோரம் நின்று எட்டிப் பார்த்து, கூரை விளிம்புக்கும் தலைக்கும் நடுவே தன் கையை வைத்துக்கொண்டு, "சூஸ்துன்னானு அம்மா, பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். கஸ்தூரியம்மா பின்னால் வந்தார். சீட்டு இடுப்பைத் தொட்டது. உட்கார்ந்தார். கால்களை ஒன்றாகச் சேர்த்து உள்ளே வைத்தார். யாரும் தொடவில்லை.

நான் கைதட்டப் போனேன். முனிரத்தினம் முந்திக்கொண்டார்.

"முன்னாடியா? டிரைவர் பக்கத்துல ஒக்காந்துக்கினு வருவாளா? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

எங்கள் பக்கத்தில் முதலாளி வீட்டுப் பெண்கள் பின் சீட்டில்தான். யாரும் சட்டம் போட்டதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். கிட்டய்யா தரையைப் பார்த்தான். கஸ்தூரியம்மா உட்கார்ந்தபடியே வலப்பக்கம் இருந்த ஸ்டீயரிங்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் சீட்டும் இப்படி எத்தாவுமா கண்ணு?"

"அது டிரைவர் சீட்டும்மா."

"தெரியுது. நீ ஓட்டுவியா இந்த வண்டிய?"

"தெனம் ஓட்றேம்மா."

"கஷ்டமா?"

"கியர் இல்ல, கிளட்ச் இல்ல. பின்னாடி போனா திரும்பிப் பாக்க வேணாம், கேமராவுல தெரியும்."

"திரும்ப வேணாமா?"

"வேணாம்மா."

இறங்கினார், தானாகவே. வண்டியைச் சுற்றி வந்தார். முனிரத்தினம், "கஸ்தூரி, வேலூர் டாக்டர் இன்னா சொன்னாருன்னு மறந்துட்டியா?" என்றார்.

"ஆட்டோமேட்டிக் ஓட்டலாம்னாரு. நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. கேக்காத மாதிரி இருந்தீங்க."

"அது... எப்பவோ வீட்ல இருந்த அந்தச் சின்ன வண்டிய ஓட்டினது..."

"அந்தச் சின்ன வண்டியில யூனிட்டுக்கு உங்களையும் ஏத்திக்கினு போனது யாரு?"

டிரைவர் பக்கத்தில் அந்த வண்டி ஒரு உபகாரம் செய்கிறது. எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் மேலே விலகிக்கொள்ளும், சீட்டு பின்னுக்கு நகரும். பொருட்காட்சியில் காட்டி வியக்க வைக்கிற விஷயமாகத்தான் அதை நினைத்திருந்தேன். கஸ்தூரியம்மா பின்பக்கமாக வந்து உட்கார்ந்தார், கால்களை வைத்தார். எஞ்சினைக் கிளப்பியதும் ஸ்டீயரிங் இறங்கி அவர் கைக்கு வந்தது. இறங்கினார். மறுபடி ஏறினார். மறுபடி இறங்கினார். புதுச் செருப்பைப் போட்டுப் பார்க்கிற மாதிரி.

"அப்போ கிட்டய்யாவ இன்னா பண்றது?" என்றார் முனிரத்தினம். கடைசியாக அவரிடம் மிச்சமிருந்த கேள்வி அது.

"அவன் வெனக ஒக்காரட்டும். பாவம், எத்தன வருஷம் முன்னாடியே ஒக்காந்துக்கினு வரான்."

கிட்டய்யா சிரிக்காமல் இருக்க எவ்வளவோ முயன்றான்.

எஸ்யூவி போனது. முனிரத்தினம் உயரத்துக்காகக் கேட்ட வண்டி. அது தாழ்ந்து கொடுத்ததால் விற்றது. டெலிவரி நாளில் சாவியைப் பட்டுத்துணி போட்ட தட்டில் வைத்துக் குடும்பத் தலைவரிடம் கொடுப்பது வழக்கம். பிரபாகர் சார் தட்டை எடுத்துக்கொண்டு நேராக ஓட்டும் சீட்டுக் கதவுக்குப் போனார். கதவைத் திறக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். கஸ்தூரியம்மா தானே திறந்தார்.

மறுநாளிலிருந்து டெமோவுக்கு முன்னால் சார் எங்களிடம், "வெனக சூடு ஆயிந்தா?" என்று கேட்க ஆரம்பித்தார். யார் ஏறப்போகிறார்கள், அவர்களால் எதைத் திரும்பிப் பார்க்க முடியாது என்று பார்த்தாயிற்றா என்று அர்த்தம். ஹரிதா, ஏசியை செக் பண்ணுவது அதில் இல்லை. பண்ணினாலும் தப்பில்லை.

வண்டி கொடுத்த பிறகு வீட்டுக்கோ தொழில் நடக்கிற இடத்துக்கோ போய் ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் முறை. நான் போனபோது சீசன் தொடங்கியிருந்தது. யூனிட் கேட்டுக்கு வெளியே தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. எடைமேடை ஓரத்தில் அந்த நாற்காலி. அதில் கொழுந்தன், கையில் கத்தி. முனிரத்தினம் கேட்டில் நின்றிருந்தார். கஸ்தூரியம்மாவின் வண்டி உள்ளே வந்தது. பின் சீட்டில் கிட்டய்யா, இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

வண்டியை நிழலில் விட இடம் எடைமேடைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கஸ்தூரியம்மா ரிவர்ஸ் போட்டார். வண்டி நாற்காலியை நோக்கிப் பின்னால் வர ஆரம்பித்தது. கூடையோடு நின்ற பெண்கள் அப்படியே நின்றார்கள். முனிரத்தினம் கையை உயர்த்திக்கொண்டு, ஷோரூமில் கேட்ட தெலுங்கிலேயே கத்தினார்.

"கஸ்தூரி! வெனக சூடு! வெனக சூடு!"

கண்ணாடி இறங்கியது. அவர் திரும்பவில்லை, ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடு இல்லீங்க, ஏசி போட்டுக்கினுதான் வரேன்!"

கொழுந்தன் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார். வண்டி நின்றது, பெருமூச்சு விட்டது, கீழே இறங்கியது. கஸ்தூரியம்மா கதவைத் திறந்து, கால்களை வெளியே வைத்து, எழுந்து நின்றார். யார் கையும் நீளவில்லை. கொழுந்தன் நாற்காலியை எடுத்து வந்து பழைய இடத்திலேயே போட்டுவிட்டு, கத்தியைத் துண்டில் துடைத்துக் கஸ்தூரியம்மாவிடம் நீட்டினார்.